விசையின் மேல் விழும் வெளிச்சம்

இரயில் நிலையத்திலே பணி புரிவோர்க்கு வெளிச்சத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நள்ளிரவில் கைவிளக்கின் ஒரு பச்சை ஒளி முழு வண்டியையும் நகர்த்திவிடும். ஒரு சிவப்பு ஒளி அதனை நிறுத்திவிடும். அளவிற் சிறியதாயினும், உரிய இடத்தில் விழுகின்ற வெளிச்சமே வெளிச்சம். இவ்வுண்மையை அலுவலகத்தில் நாள்தோறும் கண்டும், எம் இல்லத்தில் ஒரு மடிக்கணினியின் விசைப்பலகை வாயிலாகவே யாம் கற்றுக்கொண்டோம். அக்கதை நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

கோயம்புத்தூரிலிருந்து வண்டியேறி, வாளையாற்றைக் கடந்தால் வருவது கஞ்சிக்கோடு. மலைத்தொடர் வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில் அமைந்த ஊராதலின், இங்கே காற்றுக்குக் குறைவில்லை. தொழிற்சாலைகளும், 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பாலக்காடு ஐ.ஐ.டி.யின் வளாகமும் இவ்வூரை அறியச் செய்துள்ளன. பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல. எமது குடும்பமும் அவற்றுள் ஒன்று. சிவகங்கைச் சீமையிலிருந்து வந்து, ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட குடியிருப்பில் வாழ்கிறோம்.

எம் மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. இளையவன் இன்னும் தொட்டிற் பிள்ளை. இரவு எட்டு மணிக்கு அவன் உறங்கினால், அறையின் விளக்கை அணைத்தாக வேண்டும். விளக்கெரிந்தால் அவன் விழிப்பான். அவன் விழித்தால் வீடே விழிக்கும். ஆகவே, மகளுடைய வேலையெல்லாம் கோவையில் வாங்கிய பழைய மடிக்கணினியின் திரை வெளிச்சத்திலேயே நடைபெற்று வந்தது. கைப்பேசியோ எம்முடன் இரவுப் பணிக்கு வந்துவிடும்.

ஒருநாள் ஊரிலிருந்து எம் அன்னையார் பேசினார். “என்னப்பா, பேத்தி என்னமோ இங்கிலீசுல எழுதி அனுப்பியிருக்கா. எதுத்த வீட்டுப் பையன்தான் வாசிச்சுச் சொன்னான். அவளுக்குத் தமிழ் மறந்துபோச்சா?” என்றார். அவர் ஐந்தாம் வகுப்பு வரை பயின்றவர். தமிழன்றி வேறெழுத்து அறியாதவர். பேத்தி எழுதியது தமிழ்தான். ஆயின் ஆங்கில எழுத்துகளால் எழுதப்பட்ட தமிழ்.

மகளைக் கேட்டோம். “அப்பா, அப்பத்தாவுக்குத் தமிழில்தான் எழுத ஆசை. பகலில் ஒட்டெழுத்தைப் பார்த்து அடித்துவிடுகிறேன். இராத்திரி இருட்டில் எந்த விசையில் எந்த எழுத்து என்று தெரிவதில்லை. இங்கிலீஷ் எழுத்து விரலுக்குப் பழகிவிட்டது, அதனால் அப்படியே எழுதிவிட்டேன்” என்றாள்.

அச்சொல் எம்மைச் சுட்டது. புலம்பெயர்ந்த வீட்டில் தாய்மொழி ஒரே நாளில் மறைவதில்லை. இவ்வாறு ஒரு சிறு வசதிக் குறைவால், ஓர் இரவு, மறு இரவு எனச் சிறிது சிறிதாகவே கைநழுவுகிறது. விசைப்பலகைக்கு விளக்கு அமைத்தே தீர்வது என்று உறுதி பூண்டோம்.

விளக்கு அமைந்த விதம்

விசைக்குள் ஒளிரும் விளக்கு எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் நோக்குவோம். ஒளிரும் விசையின் தொப்பி, ஒளி ஊடுருவக்கூடிய பிளாஸ்டிக்கினால் ஆனது. அதன் மேல் கறுப்புச் சாயம் பூசி, எழுத்தின் வடிவத்தில் மட்டும் சாயத்தை லேசர் கதிரால் நீக்கிவிடுகின்றனர். விசைகளுக்கு அடியில், துளைகளையுடைய உலோகத் தகடு இருக்கிறது. அதற்கும் கீழே, கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய தகடு ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் சிறு எல்.இ.டி. விளக்குகள் எரிகின்றன. அவற்றின் ஒளி தகட்டுக்குள்ளேயே மோதி மோதி ஓடி, ஆங்காங்கே பொறிக்கப்பட்ட நுண்புள்ளிகளில் சிதறி மேலெழும்புகிறது. எழுத்தின் வழியே நம் கண்ணை அடைகிறது.

இவ்வெள்ளொளிக்குப் பின்னே பெரும் உழைப்பு இருக்கிறது. செந்நிற எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. நீல நிறம் மட்டும் பல்லாண்டுகள் கைகூடவில்லை. ஜப்பானியரான அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகியோரின் முயற்சியால் 1990-களில் அது கைகூடிற்று. அதற்காக 2014-இல் இயற்பியல் நோபெல் பரிசு பெற்றனர். நீல ஒளியின் மேல் மஞ்சள் ஒளிரும் பொருளைப் பூசியே இன்றைய வெள்ளை விளக்கை ஆக்குகின்றனர்.

மடிக்கணினி செய்தோர் இருவேறு வழிகளைக் கையாண்டனர். ஐ.பி.எம். நிறுவனத்தார் 1990-களின் பிற்பகுதியில் தம் திங்க்பேடு கணினிகளில் திரையின் மேல் விளிம்பிலே ஒரு சிறு விளக்கைப் பதித்து, விசைகளின் மேல் ஒளி விழச் செய்தனர். ஆப்பிள் நிறுவனத்தார் 2003-இல் 17 அங்குலப் பவர்புக் கணினியை வெளியிட்டபோது, விசைகளின் அடியிலிருந்து ஒளியெழச் செய்தனர். காலப்போக்கில் இரண்டாவது வழியே எங்கும் பரவிற்று. மேல் விளக்கு மறைந்தது. இவ்விரண்டின் வேறுபாடு எமக்குப் பின்னரே பெரிதாயிற்று.

யாம் இழந்த பணம்

பழுது பார்க்கும் கடையொன்றில் விசாரித்தோம். “ஒளிரும் விசைப்பலகை இருக்கிறது, மாட்டிவிடலாம்” என்றனர். ரூபாய் 1,800 கொடுத்தோம். புதிய பலகை வந்தது; எழுத்துகள் நன்றாகவே விழுந்தன; விளக்கோ எரியவில்லை. திரும்பக் கொண்டு சென்றபோது, “பலகையில் குறையில்லை, உங்கள் கணினியில்தான் குறை” என்றனர். பணம் திரும்பவில்லை. முன்னரே கேட்டறியாதது எம் தவறு. அறியாதவர்க்குச் சொல்லாதது அவர் தவறு.

எம்முடன் பணி புரியும் மலையாள நண்பர் ஒருவர், கணினியின் அடிமூடியைத் திறந்து காரணத்தைக் காட்டினார். ஒளிரும் விசைப்பலகைக்கு இரண்டு தட்டைக் கம்பிகள் உண்டு. அகலமானது விசைகளுக்கு, குறுகியது விளக்குக்கு. எம் கணினியின் மதர்போர்டில் குறுகிய கம்பியைச் செருகுவதற்குரிய வாயே இல்லை. ஒரே பெயருடைய கணினி, விளக்குள்ளது என்றும் இல்லாதது என்றும் இருவகையாக விற்பனைக்கு வருவதுண்டு. விலை குறைந்ததில் அவ்வாயை வைக்காமலே விட்டுவிடுவர். வாய் இருந்தாலும், அதனை இயக்கும் கட்டளை கணினியின் அடிப்படை மென்பொருளில் இருத்தல் வேண்டும்.

தமிழெழுத்து ஒளிருமா?

“என் கணினியில் விளக்கு எரிகிறது, உம் மகள் அதில் எழுதிப் பார்க்கட்டும்” என்று அந்நண்பர் தம்முடையதை ஓரிரவு கொடுத்தார். அதன் விசைகள் சிலவற்றின் மேல் தமிழ் ஒட்டெழுத்துகளை ஒட்டி, அறையை இருளாக்கிப் பார்த்தோம். அப்போதுதான் எம் அறியாமை முழுவதும் வெளிப்பட்டது. ஒட்டிய விசைகள் இருண்டன. ஒட்டாதவற்றில் ஆங்கில எழுத்துகள் மின்னின!

தமிழெழுத்து மட்டும் அச்சிட்ட, ஒளி புகும் ஒட்டுத்தாளை வாங்கி முயன்றோம். அதிலும் ஆங்கில எழுத்தே மின்னிற்று. காரணம் வெளிப்படை. அடியிலிருந்து வரும் ஒளிக்கு ஆங்கில எழுத்தின் வடிவில் மட்டுமே வாயில் திறக்கப்பட்டுள்ளது. அருகில் நிற்கும் தமிழெழுத்தின் கீழே கறுப்புச் சாயம் அடைத்து நிற்கிறது. சாயத்தை லேசரால் நீக்கி வேற்றுமொழி எழுத்தைப் பொறிக்கும் தொழில் உண்டு. எம் சம்பளத்துக்கு அது எட்டுவதாகத் தோன்றவில்லை. எம் 1,800 ரூபாய் வெற்றி பெற்றிருந்தாலும் எம் மகளுக்கு அதனால் பயனிராது என்பதை அன்று உணர்ந்தோம்.

அந்நேரத்தில் மகளே கேட்டாள்: “அப்பா, விளக்கு கீழேயிருந்துதான் வரவேண்டுமா? மேலேயிருந்து விழுந்தால் எல்லா எழுத்தும் தெரியுமே?”

யாம் வாயடைத்துப் போனோம். கைவிட்டுப் போன அந்தப் பழைய வழியே தமிழுக்கு உகந்த வழி! மேலிருந்து விழும் ஒளி, எந்த மொழி எழுத்து என்று பார்ப்பதில்லை. ஒட்டியதையும் பொறித்ததையும் ஒருசேரக் காட்டுகிறது.

யு.எஸ்.பி. துளையில் செருகும் வளைகழுத்துச் சிறு விளக்கு ஒன்றை ரூபாய் 150-க்கு வாங்கினோம். முதல் இரவு அதன் ஒளி திரையில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது, தொட்டிலையும் எட்டிற்று. கறுப்பு அட்டையை நறுக்கி மூன்று புறமும் மறைப்புக் கட்டினோம். இளமஞ்சள் தாள் ஒன்றை முன்னே ஒட்டினோம். இரவில் நீல ஒளி மிகுந்தால் உறக்கம் தள்ளிப்போகும் என்று மருத்துவ அறிஞர் கூறுவதால், மஞ்சள் ஒளியே ஏற்றது. இப்போது விசைகளின் மேல் மட்டும், ஒரு கைக்குட்டை அளவுக்கு வெளிச்சம் விழுகிறது. குழந்தை உறங்குகிறான்.

மின்சாரம் நின்றுபோகும் இரவுகளுக்காகக் கணக்கும் போட்டோம். 40 வாட்-மணி கொள்ளும் பேட்டரி, 10 வாட் செலவாகும் கணினியை 4 மணி நேரம் நடத்தும். விளக்குக்காக 1 வாட் கூடினால், ஏறத்தாழ 22 நிமிடம் குறையும். தமிழுக்காக அவ்வளவு கொடுக்கலாம்.

நேயர்கள் கவனிக்க வேண்டியவை

விளக்கமைக்க விரும்பும் நேயர்கள் யாம் பட்ட நட்டத்தைப் படாதிருக்கச் சில சொல்கிறோம்.

முதலாவது, விளக்கு உண்டா இல்லையா என்பதை முதலில் அறிக. மேல் வரிசை விசைகளிலோ, இடைவெளி விசையிலோ ஒளிக்கதிர் பரப்பும் சிறு சின்னம் இருப்பின், பெரும்பாலும் விளக்கு உண்டு. திங்க்பேடு கணினிகள் பலவற்றில் எஃப்.என். விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் மங்கல், பிரகாசம், அணைப்பு என மாறிவரும்.

இரண்டாவது, எரிந்த விளக்கு சில நொடிகளில் அணைந்தால் பழுதென்று கடைக்கு ஓடற்க. டெல், எச்.பி. கணினிகள் பலவற்றில், கை படாத சில நொடிகளில் விளக்கு தானே அணையுமாறு அமைத்திருப்பர். கணினி தொடங்கும்போது தோன்றும் பயாஸ் அமைப்பிற் புகுந்து அக்காலத்தை நீட்டலாம், அணையாதிருக்கவும் செய்யலாம். இதற்குக் காசு செலவில்லை.

மூன்றாவது, லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கு ஒரு செய்தி. கேரளப் பள்ளிகளில் கைட் நிறுவனத்தார் வழங்குவது இக்கட்டற்ற மென்பொருளே. இதில் விளக்கின் அளவு ஒரு சிறு கோப்பில் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். பல கணினிகளில் 0 என்றால் அணைப்பு, 1 மங்கல், 2 பிரகாசம். அவ்வெண்ணை மாற்றினால் விளக்கும் மாறும். கணினி ஆசிரியர் உதவியுடன் பிள்ளைகள் இதனைக் கற்கலாம்.

நான்காவது, புதிய பலகை மாட்டுவதாயின், கடைக்காரர் கணினியைத் திறந்து விளக்குக் கம்பிக்குரிய வாயைக் கண்ணாற் காட்டிய பின்னரே பணம் கொடுக்க. சில கணினிகளில் விசைப்பலகை மேல்மூடியுடன் பிளாஸ்டிக் முளைகளால் இறுக்கப்பட்டிருக்கும். அவற்றில் செலவு மிகும்.

ஐந்தாவது, விளக்குப் பட்டையைக் கணினிக்குள்ளே ஒட்டி, கண்ட இடத்தில் கம்பி பற்றவைக்கும் விளையாட்டு வேண்டா. லித்தியம் பேட்டரி அழுத்தத்தையும் குறுக்கு மின்னோட்டத்தையும் பொறுக்காது, தீப்பற்றக்கூடும்.

விரலில் ஏறிய எழுத்து

விளக்கைக் காட்டிலும் உயர்ந்த துணை ஒன்றுண்டு. அது விரலின் பழக்கம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில், உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் நிற்கின்றன. பெரும்பாலான விசைப்பலகைகளில் எஃப், ஜே ஆகிய இரண்டு விசைகளில் சிறு மேடு இருப்பதை விரலால் தடவி அறியலாம். தமிழ்99 முறையில் இடப்பக்க மேட்டில் புள்ளியும், வலப்பக்க மேட்டில் பகரமும் அமைந்துள்ளன. இவ்விரண்டையும் தொட்டுவிட்டால், மற்றவை இத்தனை விரற்கடை தூரம் என்று கை தானே அறியும்.

தமிழுக்குத் தட்டச்சுப் பொறி வகுத்த ஆர். முத்தையாவும் நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் போனவரே. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே தமிழ் விசைப்பலகையை ஆராய்ந்து அமைத்தவர் அவர். அயலூரில் அலுவல் பார்த்தவர் ஒருவர் அவ்வளவு செய்திருக்க, அமைந்த விசைகளின் மேல் ஒரு விளக்கேற்றுவது நமக்குப் பெரிதன்று.

விளக்கமைத்த முதல் வாரத்தில் மகள் எழுதிய கடிதம் நான்கே வரிகள். அவற்றுள் இரண்டு பிழைகள். யாம் திருத்தவில்லை. மறுநாள் அன்னையார் பேசினார். “எதுத்த வீட்டுப் பையன் வந்தான். நானே வாசிச்சுட்டேன், நீ போடான்னு சொல்லிட்டேன்” என்றார்.

இப்போது மகள் விளக்கைப் பாதி நேரம் ஏற்றுவதே இல்லை. “மேடு தெரிகிறதப்பா, போதும்” என்கிறாள். அந்த விளக்கு இனி எம் இளையவன் எழுத்துப் பழகும் நாளுக்காகக் காத்திருக்கும். நேயர் இல்லங்களிலும் இரவில் தமிழெழுத்து இருளில் மறையாதிருக்குமாக.