ஓம உப்பும் பெப்பர்மிண்ட் சாக்லேட்டும்

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் என்றால் தட்டு வரும். பக்கத்து வீட்டு டீச்சர் கலகலா, அச்சு முறுக்கு, கேக் துண்டு எல்லாம் வைத்து மேலே ஒரு துணி மூடி அனுப்புவார். தீபாவளிக்கு நாங்கள் அனுப்பும் தட்டுக்கு அது பதில் மரியாதை. 2024-ல் என் பெண், "இந்தத் தடவை நாமளும் கிறிஸ்துமஸுக்கே ஏதாவது செஞ்சு கொடுக்கலாம்பா" என்று ஆரம்பித்தாள். யூடியூபில் பார்த்த பெப்பர்மிண்ட் சாக்லேட்தான் வேண்டுமாம்: சாக்லேட் பாளம், மேலே உடைத்துத் தூவிய சிவப்பு வெள்ளை மிட்டாய். வகுப்புத் தோழிகளிடம் வேறு சொல்லிவிட்டாள்.

அந்த வருஷம் கார்த்திகை தீபம் டிசம்பர் 13. மலைமேல் தீபம் எரிந்து முடியவும் கிறிஸ்துமஸ் வரவும் சரியாக இருந்தது. ஊரில் கூட்டம் கொஞ்சம் வடிந்த ஒரு ராத்திரி அடுப்படியில் இறங்கினோம்.

நல்ல டார்க் சாக்லேட் விலை எக்கச்சக்கம். அதனால் பாதி அது, பாதி பேக்கரி சாமான் கடையில் விற்கும் காம்பவுண்ட் கட்டி என்று கலந்தேன். உருக்கி, பெப்பர்மிண்ட் ஆயில் பத்து சொட்டு விட்டு, பட்டர் பேப்பரில் பரப்பி வைத்துவிட்டுத் தூங்கினோம். காலையில் விரல் வைத்தால் பள்ளம் விழுகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகுகிறது, வெளியே எடுத்தால் பத்தே நிமிஷத்தில் களிமண்.

முதலில் எண்ணெயைத்தான் சந்தேகப்பட்டேன். கணக்குப் போட்டால் அது நிற்கவில்லை. பத்து சொட்டு என்பது சுமார் அரை மில்லி. 400 கிராம் சாக்லேட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அடுத்து நம்ம ஊர் வெயிலைத் திட்டலாம் என்று பார்த்தால், டிசம்பர் ராத்திரியில் இங்கே 20 டிகிரி பக்கம் வந்துவிடுகிறது. கடைச் சாக்லேட் அதே அறையில் கல்லு மாதிரி இருக்கிறது.

துப்பு கொடுத்தது அப்பா. பாளத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "தைலம் வாசனை வருது. உங்க பாட்டி ஓம உப்பையும் புதினா உப்பையும் ஒண்ணாப் போட்டு வெச்சா தானா தண்ணியாயிடுமே, அந்த மாதிரி ஆயிடுச்சாடா?" என்றார். சும்மா கிண்டலுக்குச் சொன்னதுதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் புதினா உப்பு என்பது மென்தால் படிகம். உருகுநிலை 42 டிகிரிக்கு மேல். ஓம உப்பு என்பது தைமால். சுமார் 50 டிகிரி. தனித்தனியாக எவ்வளவு வெயிலானாலும் படிகமாகவே கிடக்கும். ஒரே பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் அடுப்பே இல்லாமல் திரவமாகிவிடும். இதற்கு யூடெக்டிக் என்று பெயர். இஞ்சினியரிங் படித்தவர்கள் லேபில் சால்டரிங் செய்திருப்பீர்கள். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில், காரீயம் 327-ல். 63-க்கு 37 என்று கலந்தால் 183-லேயே உருகிவிடும். இரண்டு பொருளும் திரவமாக இருக்கும்போது நன்றாகக் கலந்துகொள்ளும், ஆனால் ஒரே படிகமாக அடுக்கிக்கொள்ள வராது. ஒன்றின் அடுக்கை இன்னொன்று கலைத்துக்கொண்டே இருப்பதால், இறுகுவதற்கு இன்னும் குளிர வேண்டியிருக்கிறது.

என் சாக்லேட்டில் நடந்ததும் இதேதான். உண்மையான சாக்லேட்டில் இருப்பது கொக்கோ வெண்ணெய். அதன் கொழுப்பு மூலக்கூறுகள் பெரும்பாலும் இரண்டு மூன்று வகைதான், நீளமும் ஏறக்குறைய ஒன்று. அதனால் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு, 34 டிகிரி அருகே சட்டென்று உருகுகிறது. காம்பவுண்டில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். பல கட்டிகளில் அது பனங்கொட்டை எண்ணெயிலிருந்து வருவது. அதில் லாரிக் அமிலம் நிறைய, மூலக்கூறு குட்டை. தனியாக இருந்தால் அதுவும் 30-க்கு மேல்தான் உருகும், நன்றாகவே இறுகும். ஆனால் இரண்டு அளவுச் செங்கல்லைக் கலந்து சுவர் எழுப்பினால் எப்படி இருக்கும்? பாதிக்குப் பாதி கலந்த நான் கிட்டத்தட்ட மோசமான விகிதத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

சரிபார்க்காமல் விட மனசு வரவில்லை. அன்று ராத்திரியே மூன்று கரண்டி: காம்பவுண்ட் மட்டும், டார்க் சாக்லேட் மட்டும், பாதி பாதி. மூன்றிலும் ஆயில் ஒரு சொட்டு. காம்பவுண்ட் அரை மணிக்குள் இறுகிவிட்டது. கலவை விடிந்தும் தொளதொளவென்றே இருந்தது. டார்க் சாக்லேட் மெதுவாக இறுகியது, ஆனால் மறுநாள் மேலே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைக் கோடுகள்.

அந்த வெள்ளைக் கோடு தனிக் கதை. கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். நமக்கு வேண்டியது ஐந்தாவது. பளபளப்பும், உடைக்கும்போது வரும் 'டக்' சத்தமும் அதில்தான். சும்மா உருக்கி ஆறவிட்டால் நிலையில்லாத வகைகள் முந்திக்கொள்ளும், பிறகு மெல்ல உருமாறி வெள்ளையாகப் பூக்கும். இதைத் தடுக்கும் வேலைக்குப் பெயர் டெம்பரிங்.

கடைசியில் வெற்றி பெற்ற முறை இது. கொக்கோ வெண்ணெய் மட்டுமே உள்ள டார்க் சாக்லேட் 300 கிராம் எடுத்துப் பொடியாக நறுக்குங்கள். அதில் 200 கிராமை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கி இறக்குங்கள். மீதி 100 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுங்கள். இந்தத் துண்டுகளில் ஏற்கெனவே சரியான படிகம் இருக்கிறது. தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி. 31, 32 டிகிரிக்கு வந்ததும் ஆயில் ஆறேழு சொட்டு விட்டுக் கலக்கிப் பரப்புங்கள். சமையலறை தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும், கைச்சூட்டை நம்பி நான் ஒருமுறை கெடுத்தேன். தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. சர்க்கரைத் துகள்கள் ஒட்டிக்கொண்டு மொத்தமும் திப்பிதிப்பியாகிவிடும். தண்ணீர் கலந்த எசன்ஸ் உதவாததும் இதனால்தான். பட்ஜெட் இல்லையா, முழுக்கக் காம்பவுண்டிலேயே செய்யுங்கள், டெம்பரிங்கே தேவையில்லை. கலக்க மட்டும் வேண்டாம்.

"புதினாவை அரைத்து விட்டால் போதாதா?" என்று வீட்டில் கேட்டார்கள். நம் கொல்லைப் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மிண்ட் வகை. அதன் வாசனை கார்வோன் என்ற பொருளால் வருகிறது, மென்தால் பெயருக்குத்தான். சாக்லேட்டில் போட்டால் சட்னி ஞாபகம் வரும் (தண்ணீர்ச் சிக்கல் வேறு). பெப்பர்மிண்ட் என்பது ஸ்பியர்மிண்ட்டும் நீர்ப்புதினாவும் சேர்ந்த கலப்பினம். 'ஜில்'லென்ற உணர்வு வருவது மென்தாலால்: குளிரை அறியும் நரம்பு வாயில் ஒன்றை அது திறந்துவிடுகிறது, நாக்கு குளிர்ந்ததாக மூளை நம்பிவிடுகிறது. டிஆர்பிஎம்8 என்ற அந்த வாயிலை 2002-ல் கண்டுபிடித்த இரண்டு குழுக்களின் தலைவர்களான டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூடியன் இருவருக்கும் 2021-ல் நோபல் கிடைத்தது. ஒரு முக்கியமான விஷயம்: உணவுத் தர பெப்பர்மிண்ட் ஆயில் மட்டும் வாங்குங்கள். மருந்துக் கடை புதினா உப்பைச் சாக்லேட்டில் போடாதீர்கள். கைக்குழந்தைகளுக்கு மென்தால் கொடுக்கவே கூடாது, மூச்சுத் திணறல் வரலாம்.

மேலே தூவும் மிட்டாய்த்தூள் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். அதனால் பாளம் இறுகியதும் உடைத்து, இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டுவிட வேண்டும். டப்பா ஃப்ரிட்ஜில் இருந்தால், வெளியே எடுத்து ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள்.

24-ஆம் தேதி ராத்திரி தட்டு பக்கத்து வீட்டுக்குப் போனது. தோழிகளுக்கு ஆளுக்கு நாலு துண்டு. அந்த முதல் களிமண்ணை என்ன செய்தோம் என்றால், சூடான பாலில் கரைத்து மூன்று நாள் குடித்தோம். அப்பா மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, நெற்றியில் தடவிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.