பிடித்தம் செய்த வரிக்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: ஊதியச் சீட்டு வந்ததும் பெரும்பாலான தொழிலாளர்கள் பார்ப்பது, கையில் கிடைக்கும் தொகையை மட்டுமே. அதற்கு மேலே வரிசையாக உள்ள பிடித்தங்கள் எங்கே போகின்றன என்பதைக் கவனிப்போர் குறைவு.

பிடித்தங்கள் யாவும் வரி அல்ல. வருங்கால வைப்பு நிதிக்காகப் பொதுவாகப் பிடிக்கப்படும் 12 சதவீதம் தொழிலாளியின் சொந்தச் சேமிப்பு; நிர்வாகமும் அதே அளவு பங்களிக்க வேண்டும். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு, 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். தொழில் வரி மாநிலத்தைச் சார்ந்தது. அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவின்படி, அது ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது.

வருமான வரி மட்டும் மத்திய அரசுக்குச் செல்கிறது. ஆண்டு முழுவதற்குமான வரியை மதிப்பிட்டு, நிர்வாகம் அதனை மாதந்தோறும் பகிர்ந்து பிடிக்கிறது. ஒரு மாதம் பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக் கணக்கில் செலுத்த வேண்டும். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு.

செலுத்தாவிட்டால்? 2012 அக்டோபரில் சேவையை நிறுத்திய கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தின் ஊழியர்கள் இக்கேள்வியைச் சந்தித்தனர். அவர்கள் ஊதியத்தில் பிடித்த வரியை நிறுவனம் அரசுக்குச் செலுத்தவில்லை. ஆனால், வரி பாக்கி எனக் கேட்கப்பட்டதோ ஊழியரிடம்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆவது பிரிவு இதற்கு இடம் தரவில்லை. ஊதியத்தில் பிடிக்கப்பட்ட வரியை மீண்டும் ஊழியரிடம் கேட்கக் கூடாது என்பதே அதன் சாரம். இத்தகைய பாக்கியைக் கட்டாயப்படுத்தி வசூலிக்க வேண்டாம் என மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2015, 2016ஆம் ஆண்டுகளில் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. அதன் பிறகும் ஊழியருக்குத் திருப்பித் தர வேண்டிய தொகையில் பாக்கியைச் சரிக்கட்டும் வழக்கம் நீடித்தது. இதுவும் மறைமுக வசூலே என்று 2023இல் தில்லி உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆயினும், உயர் நீதிமன்றப் படியேறும் வசதி எத்தனை தொழிலாளருக்கு உண்டு? வரி பிடிக்கப்பட்டதற்குத் தொழிலாளியிடம் உள்ள சான்று ஊதியச் சீட்டும், நிர்வாகம் தரும் ஆண்டுச் சான்றிதழும், வங்கிக் கணக்கு விவரமும்தான். அவற்றைப் பத்திரப்படுத்துவதோடு, வருமான வரித் துறையின் இணையதளத்தில் தமது பான் எண்ணில் தொகை வரவாகியுள்ளதா என அவ்வப்போது சரிபார்ப்பது நல்லது. பிடித்தவரின் தவறுக்கு உழைத்தவர் நீதிமன்றம் செல்ல நேராமல் காப்பதோ அரசின் கடமை.