பழைய வீடும் புதிய வசதியும்

மோதி பாக் சர்க்கார் குடியிருப்பில் வாழும் நம்மவர் பலருக்கு ஊரில் இன்னொரு வீடு உண்டு. கும்பகோணத்திலோ, கல்லிடைக்குறிச்சியிலோ, காரைக்குடியிலோ பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு அது. குவார்ட்டர்ஸ் உத்தியோகம் உள்ளவரையில்தான். ஓய்வு பெற்றதும், அவ்வீட்டை விற்பதா, இடித்துக் கட்டுவதா, செப்பனிட்டுக் குடிபுகுவதா என்னும் வினா எழுகின்றது. விடை காண விழைவோர் ஒருமுறை பழைய தில்லிக்குச் சென்று வருவது நலம்.

மோதி பாக்கில் மெட்ரோ ஏறி, ஐ.என்.ஏ.யில் வண்டி மாறினால் சாவ்ரி பஜாரை அடையலாம். ஜும்மா மசூதிக்கு அருகே, குலியான் சந்தில் தர்மபுரா ஹவேலி என்னும் மாளிகை உள்ளது. 1887-ஆம் ஆண்டைச் சேர்ந்த இம்மாளிகை சிதைந்து கிடந்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டுத் திருப்பணிக்குப் பின் 2016-இல் விடுதியாகத் திறக்கப்பட்டது. 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் பாராட்டும் பெற்றது. அறைகளில் குளிர்சாதனமும் குளியலறையும் உண்டு. ஆயினும் நடுமுற்றமும், வளைவுகளும், மெல்லிய லக்கோரிச் செங்கற்களும் தம் இடத்திலேயே விளங்குகின்றன.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? பழஞ்சுவர் சுண்ணாம்புச் சாந்தினால் ஆனது. அது ஈரத்தை உறிஞ்சி, மீண்டும் வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், உப்புப் பூக்கும், நாளடைவில் செங்கல் பொடியும். வலுவூட்டுவதாக எண்ணிச் செய்யும் செலவே சுவருக்குக் கேடாய் முடியும். ஆகவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூச்சு. நீற்றிய சுண்ணாம்பை மணலுடன் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்க்கும் பக்குவம் அறிந்த கொத்தனார்கள் இன்றும் நம் நாட்டில் உள்ளனர்.

முற்றத்தைத் தகடு போட்டு அடைத்தால் காற்றும் வெளிச்சமும் அற்றுப்போகும். அக்கிரகார வீடுகளில் பக்கச்சுவர் பெரும்பாலும் இரு வீட்டுக்கும் பொது. நம் வீட்டை இடித்தால் அண்டை வீடும் அதிரும். குளியலறையைக் கொல்லைப்புறத்தை ஒட்டி அமைக்கலாம். மின்கம்பிகளைச் சுவரைக் குடையாமல் குழாயிலிட்டு வெளிப்புறமாகவே கொண்டு செல்லலாம். சமையலறையில் நவீன மேடையும் அலமாரியும் தனியே நிற்பனவாக இருக்கட்டும், வேண்டாதபோது அகற்றலாம். திண்ணையும் ரேழியும் கூடமும் அப்படியே நிற்கும்.

தில்லியில் பிறந்து வளர்ந்த நம் மக்களுக்குத் தாத்தாவின் ஊர் என்பது பெரும்பாலும் அவ்வீடுதான். அது போய்விட்டால் ஊருக்குப் போவதற்கே காரணம் இராது. விலைபேசுமுன் அன்பர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.