தேசிங்குக்குக் குதிரை இருந்தது... பாடகருக்கு?

செஞ்சி ராஜகிரி மலை. பாதிப் படியிலேயே என் ஆபீஸ் நண்பருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ‘‘ராஜா தேசிங்கு தினமும் ஏறியிருப்பாரா சார்?’’ என்றார்.

‘‘அவருக்குக் குதிரை இருந்தது. நமக்கு டவுன் பஸ்தானே!’’ என்றேன்.

1714-ல் ஆற்காடு நவாபின் பெரும்படையோடு சின்னப் படையை வைத்துக்கொண்டு மோதி மாண்டவர் தேசிங்கு. ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. அவருக்கு முன்னால் இதே கோட்டையைப் பல காலம் ஆண்ட நாயக்க மன்னர்களில் ஒருத்தர் பெயரைச் சொல்லுங்க பார்ப்போம்? திருதிருதான்! தேசிங்கு மட்டும் நிலைத்ததற்குக் காரணம், அவரையும் பாராசாரிக் குதிரையையும் ஊர் ஊராகப் பாடின நாட்டுப்புறப் பாடகர்கள். கோட்டைக்கு 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது. பாடினவர் பெயர்தான் யாருக்கும் தெரியாது.

செஞ்சிப் பக்கம் பாட்டு என்பது கூட்டு வியாபாரம். மேலச்சேரி திரௌபதியம்மன் கோயில் தொடங்கி வட்டாரம் முழுக்கப் பாரதக் கூத்து உண்டு. ஆர்மோனியம், மத்தளம், முகவீணை, தாளம், பின்பாட்டு... வருகிற பணம் அத்தனை பேருக்கும் பங்கு. குரல் நன்றாக இருக்கிற பையனுக்கு ஆசை வராதா? ‘தனியாப் பாடினா என்ன?’

பி.காம். படித்த பாவத்துக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவு: பங்கு பிரிக்க வேண்டாம். செலவு: மைக், வண்டி, பக்கவாத்தியக்காரருக்குச் சம்பளம். திருவிழா சீஸன் முடிந்தால் வரவுப் பக்கம் காத்தாடும். கூத்தில் ஒருத்தருக்குத் தொண்டை கட்டினால் இன்னொருத்தர் சமாளிப்பார். தனி ஆளுக்குத் தொண்டை கட்டினால் கடையே கட்டல்!

‘‘யூடியூப்ல போடலாமே?’’ என்றார் நண்பர். போடலாம். ஆனா ‘லைக்’கைக் கொடுத்து எந்த மளிகைக் கடையிலும் அரிசி வாங்க முடியாதே!

ஜெயித்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். விஜயலட்சுமி - நவநீதகிருஷ்ணன் தம்பதி பேராசிரியர்கள். கே.ஏ.குணசேகரனும் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். திறமையில் கொஞ்சமும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால், மாதச் சம்பளம் என்ற குதிரை அவர்களுக்கு இருந்தது.

அது இல்லாதவர்? கொல்லங்குடி கருப்பாயியைப் பாருங்கள். வயல்வேலையில் பாடியவர். வானொலிக்கு வந்தார். 1985-ல் பாண்டியராஜனின் ‘ஆண் பாவம்’ படத்தில் நடித்துப் பாடினார். தமிழ்நாடே கைதட்டியது. கலைமாமணி விருதும் கிடைத்தது. சினிமாக் குதிரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறக்கிவிட்டது. கடைசிக் காலத்தில் அவர் பணமில்லாமல் தவிப்பதாகத்தான் செய்தி வந்தது. 2025-ல் காலமானார்.

ஆக, நாட்டுப்புறப் பாடகர் தோற்பது குரலில் இல்லை. கச்சேரி இல்லாத மாசத்தில்! அந்த மாசத்தைத் தாண்ட வைக்கிற குதிரை யாராவது கொடுத்தால் போதும்.

இறங்கும்போது நண்பர் உணர்ச்சிவசப்பட்டார். ‘‘சார், வருஷா வருஷம் ஆபீஸ் விழாவுக்கு மெல்லிசைக் குழுவுக்குக் கொட்டிக் கொடுக்கறோம். இந்த வாட்டி ஒரு கூத்துப் பாடகரைக் கூப்பிட்டா என்ன?’’

‘‘பிரமாதம்! ஆனா, ‘உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்’னு சொல்லிட்டு, பஸ் சார்ஜை மட்டும் கையில திணிச்சு அனுப்பிடாதீங்க.’’

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நண்பரிடமிருந்து பேச்சே இல்லை!