"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க!"

தர்மபுரி பஸ் நிலையம். காலை நேரம். பென்னாகரம் போகும் பஸ் புறப்படத் தயாராக நிற்கிறது.

மூன்று பேர் உட்காரும் இருக்கையில் மூன்று பெண்கள் உட்கார்ந்து இருக்கிறார்கள். கைக்குழந்தையுடன் இன்னொரு தாய் ஏறுகிறாள். எங்கும் இடம் இல்லை. கண்டக்டர் குரல் கொடுக்கிறார்:

"அக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க!"

ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் உடம்பைச் சுருக்குகிறார். நடுவில் இருப்பவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். நாலாவது ஆளுக்கும் இடம் பிறந்துவிடுகிறது!

"அட்ஜஸ்ட்" என்பது இங்கிலீஷ் சொல். ஆனால் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிக்கும் அதன் அர்த்தம் தெரியும். அந்த அர்த்தமும் அகராதி சொல்லும் அர்த்தமும் ஒன்றுதானா?

அகராதி சொல்வது

ஒரு பொருளைச் சிறிது மாற்றி, சரியாகப் பொருந்தும்படி செய்வதுதான் "அட்ஜஸ்ட்" என்கிறது அகராதி. கடிகாரத்தின் முள்ளைத் திருப்பிச் சரியான நேரம் வைக்கிறோம். மூக்குக் கண்ணாடி நழுவினால் தூக்கிச் சரி செய்கிறோம். அதெல்லாம் "அட்ஜஸ்ட்".

புதிய சூழ்நிலைக்குப் பழகிக்கொள்வதையும் இச்சொல் குறிக்கும். வெயிலில் இருந்து இருட்டு அறைக்குள் போனால் முதலில் ஒன்றும் தெரியாது. சிறிது நேரத்தில் கண் பழகிவிடும். அதற்கும் இதே சொல்தான்.

இச்சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. "அருகில்" என்று பொருள்படும் ஒரு சொல்லில் இருந்து பிறந்து, பிரெஞ்சு மொழி வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. "அருகே கொண்டுவருதல்" என்பதே பழைய பொருள்.

பஸ்ஸில் கண்டக்டர் சொல்வதும் அதுதானே? "நெருங்கி உட்காருங்கள்!"

எல்லை தாண்டிய சொல்

தர்மபுரி மாவட்டம் கர்நாடக எல்லையை ஒட்டியது. இங்குள்ள ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடம்தான். "ஹொகே" என்றால் புகை. அருவி நீர் புகை போல எழும் கல் என்பதால் அந்தப் பெயர்.

தர்மபுரியில் இருந்து பெங்களூர் போனால் அங்கும் இதே குரல் கேட்கும்: "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி!" தமிழில் "பண்ணு", கன்னடத்தில் "மாடு". வால்தான் வேறு, தலை ஒன்றே!

அந்நியச் சொல்லைத் தமிழ் தனியே விடுவது இல்லை. பரீட்சையில் "பாஸ் ஆகிறோம்". பள்ளிக்கு "கட் அடிக்கிறோம்". மற்றதை எல்லாம் "பண்ணுகிறோம்".

ஆனால் "பண்ணு" வேறு, "பண்ணிக்கோ" வேறு. கடிகாரத்தை அட்ஜஸ்ட் பண்ணினால் மாறுவது கடிகாரம். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றாலோ, மாற வேண்டியது கேட்கிற மனிதர்!

ஒரு சொல், பல வேலை

வாடகை கொடுக்க முடியாதவர் வீட்டுக்காரரிடம், "இந்த மாதம் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்கிறார். அங்கே அது தவணை.

வீட்டில் திடீரென்று விருந்தாளி வந்துவிட்டால், "இருக்கிற சோற்றை அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்கிறாள் அம்மா. அங்கே அது பகிர்வு.

இதற்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. அனுசரித்துப் போவது, விட்டுக்கொடுப்பது, ஒத்துப்போவது என்று பல உண்டு. கணக்குப் பாடப் புத்தகத்தில் "சரிக்கட்டுதல்" என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லும் லேசுப்பட்டது அல்ல. "ஆளைச் சரிக்கட்டிவிட்டேன்" என்று ஒருவர் கண்ணைச் சிமிட்டினால், விஷயம் கணக்குப் புத்தகத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்!

யார் நகர வேண்டும்?

இனிக்கும் இந்தச் சொல் கசப்பதும் உண்டு.

புகுந்த வீட்டில் துன்பப்படும் பெண் தாய் வீட்டுக்கு வந்து அழுகிறாள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அதே சொல்லை மாப்பிள்ளையிடம் எத்தனை பேர் சொல்கிறார்கள்?

இதைவிடக் கொடிய அர்த்தமும் உண்டு. கேரளத் திரைப்படத் துறையில் பெண்களின் நிலையை ஆராய அந்த மாநில அரசு 2017-ல் நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 2024 ஆகஸ்டு மாதம் வெளிவந்தது. வாய்ப்புத் தேடி வரும் பெண்களைத் தவறான ஆசைக்கு இணங்கச் சொல்வதற்கு, அங்கே "அட்ஜஸ்ட்மெண்ட்" என்ற சொல் வழங்கியதை அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது. குற்றத்துக்கு மிருதுவான ஒரு பெயர்!

ஆகவே, இச்சொல் காதில் விழும்போது ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். நகரச் சொல்வது யார்? நகருவது யார்?

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமானுக்கு அரிய நெல்லிக்கனி ஒன்று கிடைத்தது. உண்டவருக்கு நீண்ட ஆயுள் தருவது என்று நம்பப்பட்ட கனி. அதை அவன் தான் உண்ணாமல் அவ்வைக்குக் கொடுத்தான். அங்கே விட்டுக்கொடுத்தவன் அரசன்; இல்லாதவன் அல்ல.

பஸ்ஸிலும் அப்படித்தான். மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்தால் நாலாவது ஆள் உட்காரலாம். ஓரத்தில் இருப்பவரை மட்டும் தள்ளிக்கொண்டே போனால், அவர் கீழே விழுவார்!