பெயரில்லாத ஸ்பேனர்

தொழிலுக்காக வாங்கிய ஸ்பேனர் முதல் வாரத்திலேயே வாய் விரிந்துபோனால் ஒரு மெக்கானிக் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? தாம்பரம், குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரி பக்கம் டூவீலர் கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டால், "அதெல்லாம் வீட்டுக்கு மிக்ஸி வாங்குறவங்களுக்குங்க" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவில், அந்த வரிக்குக் கீழேயே ஒரு விளக்கம் இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள், வணிக நோக்கத்தில் சேராது.

இந்த விளக்கம் பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வருகிறது. அதன் எல்லை எதுவரை என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் சி.என்.சி. எந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் தொடுத்த வழக்கு அது. அந்த நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று தீர்ப்பானது. ஆனால் அதே தீர்ப்பு, யாரெல்லாம் நுகர்வோர் என்பதற்குச் சில உதாரணங்களையும் அடுக்கியது: தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர், தானே இயக்கிப் பிழைக்க லேத்து வாங்கியவர். ஒத்தாசைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்றும் சொன்னது. லேத்துக்குப் பொருந்துவது ஸ்பேனருக்கும் பொருந்தும். கடையில் ஒரு பையனை வேலைக்கு வைத்திருக்கும் மெக்கானிக் நுகர்வோர்தான். நாலு கிளை திறந்து ஆள் வைத்து நடத்துபவர் அந்த வாதத்தை வைப்பது கடினம்.

உரிமை இருக்கிறது, அதை யார் மேல் செலுத்துவது என்பதில்தான் சிக்கல். பெட்டியில் குவித்து வைத்திருக்கும் லோக்கல் மாலில் செய்தவர் பெயர் இருக்காது, கடைக்காரர் பில்லும் தரமாட்டார். விலை குறைந்த கருவியை வாங்குவதில் தவறே இல்லை என்பது என் கட்சி. ஜலந்தரிலும் லூதியானாவிலும் சிறு பட்டறைகள், தங்கள் பெயரைப் பொறித்து, பெரிய கம்பெனி விலையில் பாதிக்கே நல்ல ஸ்பேனர் செய்கின்றன. கைக்கருவிகளுக்கென்றே ஒரு மையத்தை மத்திய அரசு 1983-ல் ஜலந்தரில் அமைத்தது, அந்தத் தொழில் அங்கே அத்தனை அடர்த்தியாக இருப்பதால்தான். மலிவு பிரச்சினை இல்லை. யார் செய்தது, யார் விற்றது என்று தெரியாத மலிவுதான் பிரச்சினை.

ஒரு ஸ்பேனரின் பலம் அதன் இரும்பிலும், அதைக் காய்ச்சி அடித்த விதத்திலும், பிறகு கொடுத்த பதத்திலும் இருக்கிறது. மேலே மின்னும் குரோம் பூச்சு துருவைத் தடுக்கும், அவ்வளவுதான். குரோம் வெனடியம் எஃகு நல்ல சரக்கு என்பதால் எல்லோரும் 'சிஆர்-வி' என்று பொறித்துவிடுகிறார்கள். அந்த எழுத்துகளைப் பொறிக்க ஒரு டை போதும், வெனடியம் தேவையில்லை. சரியான எஃகாகவே இருந்தாலும் பதம் போடாவிட்டால் வாய் விரியும். பதம் மிஞ்சினால் விரியாது, பட்டென்று உடையும். கைக்கு அதுதான் அதிக ஆபத்து.

கடையில் நின்றபடி பதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அளவைக் கண்டுபிடிக்கலாம். தலை தேயாத புது போல்ட்டுகள், அன்றாடம் கைபடும் 8, 10, 12, 14 அளவுகளில், சட்டைப் பையில் எடுத்துப் போங்கள். ஸ்பேனரை மாட்டி லேசாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே போக வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. வாயின் இரு தாடைகளும் இணையாக இருக்கின்றனவா, ரிங்கின் உட்சுவரில் பிசிறு இருக்கிறதா, பூச்சு எங்காவது கொப்பளித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் பாதித் தரம் தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு, செட்டாக வாங்கும் முன் ஒன்றை மட்டும் வாங்கிப் பலிகொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் ஓரத்தில் அரம் போட்டுப் பாருங்கள். சாதாரணக் கம்பியை அறுப்பதுபோல் அரம் சுலபமாகக் கடித்தால், அது பதமில்லாத இரும்பு. ஒன்றின் காசு போனது, செட்டின் காசு மிஞ்சியது.

எவ்வளவு பலம் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள, 8.8 தர போல்ட்டை இறுக்க ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 13 கிலோ எடையால் அழுத்துவதற்குச் சமம் அது. துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற இன்னும் கூடுதலாக வேண்டும். அங்கே வாய் விரிந்தால் போல்ட்டின் தலை வழுக்கிவிடும். அதன் மேல் நட்டு வைத்து வெல்டிங் அடித்துக் கழற்றும் கூலி, மிச்சம் பிடித்த காசைவிட அதிகம். வண்டிக்காரர் திட்டுவது தனி.

ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதற்கு மேலே தர எண்ணும், கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். திறந்த வாய் ஸ்பேனருக்கு ஐஎஸ் 2028, ரிங் ஸ்பேனருக்கு ஐஎஸ் 2029, கட்டிங் பிளேயருக்கு ஐஎஸ் 3650. உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டினால் யாருக்குக் கொடுத்தது, இன்னும் செல்லுமா என்பது தெரியும். பொருந்தாவிட்டால் அந்தச் செயலியிலேயே புகார் கொடுக்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தென்மண்டல அலுவலகமும் நமக்குப் பக்கத்தில் தரமணியில்தான் இருக்கிறது. முத்திரையைப் போலியாகப் போடுபவருக்கு முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம். பிளேயரின் கைப்பிடியில் ரப்பர் உறை இருப்பதாலேயே கரண்ட் வேலைக்கு ஆகும் என்று நம்பிவிடாதீர்கள். 1000 வோல்ட் என்ற எழுத்தும் இரட்டை முக்கோணக் குறியும் இல்லாத உறை, பிடிக்கச் சுகமாக இருப்பதற்கு மட்டும்தான்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்கும் பழைய கருவிகள் வேறு கதை. அந்தக் காலத்துக் கனமான ஸ்பேனர்கள் சிலவற்றின் எஃகுக்குப் பக்கத்தில் இன்றைய லோக்கல் மால் நிற்க முடியாது. ஆனால் அவற்றில் பல அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 12 போல்ட்டில் மாட்டும், ஆடும், தலையைத் தின்றுவிடும். 9/16 என்பது 14.29, 14-க்கு அவசரத்துக்கு உதவும், துருப்பிடித்த நட்டுக்கு ஆகாது. 3/4 மட்டும் 19.05 என்பதால் 19-க்குக் கச்சிதமாகப் பொருந்தும். இன்னொன்று, ரயில்வே முத்திரை பொறித்த கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கை வைக்காதீர்கள். 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டத்தின்படி, திருட்டுப் பொருள் என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க ரயில்வே சொத்தை வைத்திருப்பதே குற்றம். நேர்மையாக வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வைத்திருப்பவருடையது. ஏலத்தில் எடுத்தது என்று விற்பவர் சொன்னால் ஏலச் சீட்டைக் கேளுங்கள்.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு வரும் 46 பீஸ் சாக்கெட் செட் பற்றிய புகார்களில் நியாயமானவையும் உண்டு, அல்லாதவையும் உண்டு. அதன் ராட்செட் கால் அங்குல டிரைவ். சின்னத் திருகுகளுக்கானது. அதை வைத்து ஆக்சில் நட்டைத் திருப்பிப் பல் உடைந்தால், அது தரக்குறைவு ஆகாது. இது சட்டத்திலும் முக்கியம். கருவியைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ, காயத்துக்காக விற்றவர் மேல் பொருள் பொறுப்பு வழக்குப் போட முடியாது என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு. ஸ்பேனர் முனையில் பைப்பைச் செருகி நெம்பும் பழக்கம் நம் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. உடைந்த பிறகு எதிர்த்தரப்பு முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

மறுபக்கம், பெயரில்லாத சரக்கை விற்பவருக்கும் சட்டம் ஒரு கொக்கி வைத்திருக்கிறது. தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டால், அந்தப் பொருளால் ஏற்பட்ட காயத்துக்கு விற்றவரே பொறுப்பு என்கிறது 86-ஆவது பிரிவு. ஆனால் அவர்தான் விற்றார் என்று காட்ட பில் வேண்டும். பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை. 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், பழுதான பொருளை அதில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். பாக்கெட்டில் வரும் கருவியானால் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச விலை எல்லாம் அட்டையில் இருக்க வேண்டும். அட்டையைக் கிழித்து எறியும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நூற்றைம்பது ரூபாய் ஸ்பேனருக்காக யாரும் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறப்போவதில்லை. கடைக்காரரிடம் கேளுங்கள், மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு விதி. ஆனால் பெரிய செட் மொத்தமும் பழுது என்றாலோ, உடைந்த துண்டு பறந்து கண்ணிலோ கையிலோ பட்டாலோ, அங்கே நின்றுவிடக் கூடாது. செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 'இ-ஜாக்ருதி' தளம் வழியாக வீட்டிலிருந்தே மனுப் போடலாம். கடை பாரிமுனையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

காயம் என்றால் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டில் எதனால் காயம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கருவியின் பழுது கண்ணால் பார்த்துத் தெரியக்கூடியதாக இல்லாவிட்டால், ஆணையம் அதைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பும். கூடம் அறிக்கை தரச் சட்டம் கொடுக்கும் காலம் 45 நாள். உடைந்த ஸ்பேனரை அன்று சாயங்காலமே வெல்டிங் வைத்துவிட்டாலோ காயலான் கடையில் போட்டுவிட்டாலோ, அங்கே அனுப்ப எதுவும் இருக்காது.