கணக்கு முடித்து அனுப்பும்போது…
கடையும் ஆட்களும் – 14

போன வாரம் ஆள் எடுப்பதைப் பார்த்தோம். இந்த வாரம் அதைவிடக் கஷ்டமான காரியம்: ஆளை அனுப்புவது.

நம் கடைகளிலும் பட்டறைகளிலும் இது பெரும்பாலும் எப்படி நடக்கிறது? முதலாளி முகம் கொடுத்துப் பேச மாட்டார். போனஸ் குறையும். நேற்று வந்த பையனை விட்டு வேலை ஏவுவார். ரோஷப்பட்டு அவராகவே நின்றுகொள்ளட்டும் என்று காத்திருப்பார். “நானா போகச் சொன்னேன்?” என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் அல்லவா! ஆளை அனுப்ப இதைவிடக் கொடுமையான வழி இல்லை என்பேன். ஒரு மனிதரை மாதக்கணக்கில் கூனிக் குறுக வைத்து, சேர வேண்டிய பணத்தைக் கேட்கக்கூட வாய் வராமல் செய்துவிடுகிறது.

கோவையில் ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரம். அப்பா காலத்திலிருந்து 22 வருடம் பேரேடு எழுதியவர் கணக்குப்பிள்ளை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் பில், ரிட்டர்ன் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போயின. சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள், பிடிபடவில்லை. கடையைப் பார்த்துக்கொள்ளும் மகன் ஒரு நாள் கடை திறக்கும் முன்பே அவரை மாடிக்கு அழைத்து உட்கார வைத்தார். “அண்ணா, சுத்தி வளைக்காமச் சொல்லிடறேனுங்க. கணக்கு வேலை பூரா ஆடிட்டர் ஆபீசுக்கே போகுது. ரெண்டு மாசத்துக்கப்புறம் இங்க உங்களுக்கு வேலை இருக்காதுங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க.”

கணக்குப்பிள்ளை முதலில் கேட்டது பணத்தை அல்ல. “பசங்களுக்குத் தெரியுமா தம்பி?” தெரியாது என்றதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. யார் வாயிலிருந்து, யாருக்கு முதலில் சேதி போகிறது என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

அடுத்து ஒரு தாளை நீட்டினார் மகன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 ரூபாய். கிராஜுவிட்டிக்கு மாதத்தை 26 நாளாக வகுக்க வேண்டும், ஆக நாளுக்கு 500. வருடத்துக்கு 15 நாள் வீதம் 7,500. 22 வருடத்துக்கு 1,65,000. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் முடித்தவருக்கு சட்டம் கொடுத்த உரிமை இது, முதலாளி போடும் பிச்சை அல்ல. 30 நாளுக்குள் கைக்கு வர வேண்டும். தொழிலாளி மேல் தப்பில்லாமல் ஆட்குறைப்பு செய்தால், வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் தனியாக இழப்பீடு உண்டு. இரண்டும் வேறு வேறு. ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை விழுங்கிவிடுகிறவர்கள் நிறைய. மகன் இரண்டையும் எழுதியிருந்தார்.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமில்லாமல் நிறுத்தக் கூடாது. ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த மாதச் சம்பளத்தைத் தர வேண்டும். குற்றம் சாட்டி உடனே நிறுத்துவதானால் விசாரணை வைத்து நிரூபிக்க வேண்டும். நோட்டீஸ் சம்பளத்தை மிச்சம் பிடிக்கத் திருட்டுப் பழி போட்டு அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். ஊருக்குள் அந்த மனிதருக்கு அதற்குப் பிறகு எவர் வேலை கொடுப்பார்?

பிஎஃப் கணக்கில் வேலையை விட்ட தேதியை உடனே ஏற்றுங்கள். அதைப் பதியாமல் விட்டால் பணம் எடுக்க அவர் அலைய நேரும். அனுபவச் சான்றிதழைக் கடைசி நாளன்றே கொடுங்கள், ‘நாளை வந்து வாங்கிக்கொள்’ வேண்டாம். நோட்டீஸ் காலத்தில் வேறு இடம் பார்க்கப் போகிறேன் என்றால் அரை நாள் விடுங்கள், சம்பளம் பிடிக்காதீர்கள். கோவைக் கடையின் மகன், கணக்குப்பிள்ளைக்காகத் தானே இரண்டு கடைகளுக்குப் போன் செய்து பேசினார்.

ஒரு வருடத்துக்குள் வியாபாரம் மறுபடி தூக்கி, அதே வேலைக்கு ஆள் தேவைப்பட்டால், ஆட்குறைப்பில் போனவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். இதுவும் சட்டத்தில் இருக்கிறது.

(தொடரும்)